துண்டுத் தோல்

சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரின் விரைவை எடுத்துரைக்கப் புகுந்த சாத்தந்தையார் என்னும் புலவர், அதற்கு உவமையாகக் காற்றையும் கொள்ளவில்லை. கடும்பரி மாவையும் கொள்ளவில்லை. தோல்வாரால் கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியின் கையூசியைக் கொண்டார். ஊரிலோ விழாத் தொடங்கிவிட்டது. வீட்டிலோ மனைவி பிள்ளைப்பேற்று நோவில் இருக்கிறாள். வானத்திலோ மழை, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவில் கட்டிலை முடித்துக் கொடுத்தாக வேண்டிய அந்த மனிதனின் கையில் ஊசி எத்துணை விரைவாக ஓடியிருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கும்படி விட்டுவிடுகிறார் புலவர். புறநானூற்றின் 82ஆம் பாட்டு இது. சில அடிகளுள் ஒரு குடும்பத்தின் முழு இடர்ப்பாட்டையும் காட்டிவிடும் இப்பாட்டை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும்; அடுத்த கணமே ஒரு சிலர் முகம் வாடும். அத்தொழிலாளியைக் குறிக்கப் பாட்டில் வரும் பெயர் 'இழிசினன்' என்பதே காரணம்.

கையின் விரைவை வியந்த மொழியே அக்கைக்கு உரியவனை இழித்தும் பெயரிட்டது. புலவர்மேல் மட்டும் பழி போடுவதற்கில்லை. அவர் தம் காலத்து வழக்கை எடுத்தாண்டார். இளங்கோவடிகளோ மருவூர்ப்பாக்கத்துக் கைவினைஞரை வரிசைப்படுத்தும் இடத்தில், கன்னாரையும் தச்சரையும் கொல்லரையும் பொற்கொல்லரையும் அடுக்கி, அதே மூச்சில் துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் சேர்த்துச் சொல்லிச் செல்கிறார். அங்கே ஏற்றமும் இல்லை, தாழ்வும் இல்லை. தொழில் மட்டுமே உண்டு. தொல்காப்பியச் செய்யுளியலுள் எட்டு வனப்புகளுள் ஒன்றுக்குத் 'தோல்' என்றே பெயர். இதைப் படிப்பிக்கும் நாளில் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பொலி கிளம்பாத ஆண்டு இல்லை. அது விலங்கின் தோலன்று, செய்யுளின் வனப்பு என்று விளக்கினாலும் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆகும். பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்டவுடன் ஏன் சிரிக்கிறார்கள் என்பதை ஆசிரியர்கள் ஒருநாளேனும் நின்று எண்ணிப் பார்த்தல் நன்று.

யான் இங்கு எழுத எண்ணியது பழம்பாட்டைப் பற்றியன்று; துண்டுத் தோலைப் பற்றி. ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியே பொகவந்தலாவைக்குச் செல்லும் வீதியில் அமைந்தது எங்கள் நோர்வூட். சுற்றிலும் தேயிலை; நடுவே ஒரு சிறு கடைத்தெரு. சப்பாத்துத் தைப்பவர் ஒருவரிடம் போய்ச் சற்று நேரம் நின்று பாருங்கள். அவர் பெட்டியருகே ஒரு சாக்குப்பை கிடக்கும். அறுந்த கைப்பை, பிய்ந்த இடுப்புவார், பிள்ளைகளின் பழைய சப்பாத்து, அவற்றிலிருந்து கத்தரித்த பின் எஞ்சிய மூலைகள், பிறைகள், முக்கோணங்கள் எல்லாம் அதனுள் இருக்கும். குப்பை என்று நாம் கருதுவது அவருக்குக் களஞ்சியம். குதிகாலுக்கு ஒரு படி வைக்கவும், தேய்ந்த இடத்தில் ஒட்டுப் போடவும் வேண்டிய துண்டைக் கண்ணாற் பாராமலே விரலால் துழாவி எடுத்துவிடுவார். கேட்டால் ஒருபிடி அள்ளித் தரவும் செய்வார். கைப்பணிப் பாடத்துக்குப் பொருள் வாங்கப் பணம் இல்லை என்று வருந்தும் மலையகப் பாடசாலைகளுக்கு இதைவிட மலிவான மூலப்பொருள் வேறொன்றும் அகப்படாது.

ஆயினும் தோல் என்று நாம் நினைப்பதெல்லாம் தோலன்று. இக்காலத்துக் கைப்பைகளிற் பெரும்பாலானவை துணியின்மேற் பூச்சுப் பூசிய ரெக்சீன். வெட்டுவாயைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். உண்மைத் தோலின் வெட்டுவாயில் மெல்லிய நார்கள் பஞ்சுபோல் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ரெக்சீனில் துணியின் ஊடும் பாவும் எட்டிப் பார்க்கும். அடுத்து, உண்மைத் தோலிலும் இருவகை உண்டு. மரப்பட்டைத் துவரால் பதனிட்டது ஒன்று. குரோமிய உப்பால் பதனிட்டது மற்றொன்று. முன்னதன் வெட்டுவாய் முழுவதும் பழுப்பாக இருக்கும். பின்னதன் நடுப்பகுதி பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறங் காட்டும். பட்டைத் தோல் நீரில் நனைந்தால் இளகி, பிடித்த வடிவில் உலர்ந்து நிற்கும். குரோமியத் தோல் மென்மையாய் வளைந்து கொடுக்கும், ஆனால் வடிவைக் காத்து வைத்திராது. உறை செய்ய முன்னது, சுருக்குப்பை செய்யப் பின்னது என்று இந்த ஒரு வேறுபாட்டை உணர்ந்துவிட்டால் பாதித்தொழில் வந்தாயிற்று. குரோமியத் தோலின் துண்டுகளை எக்காரணங் கொண்டும் எரிக்கலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். நெருப்பில் அந்தக் குரோமியம் கொடிய நச்சு வடிவாக மாறக்கூடும். லயன்களில் அடுப்பு மூட்ட எதுவும் உதவும் என்று எண்ணும் தாய்மாருக்குப் பிள்ளைகளே இதைச் சொல்ல வேண்டும்.

துவர் என்றேன். அச்சொல்லில் மலையகத்தார் சற்றுத் தங்கலாம். தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் நெடுங்காலமாகத் தோல் பதனிடப் பயன்பட்டது ஆவாரம்பட்டை. அதன் துவர், பச்சைத் தோலின் நார்களைப் பற்றிக்கொண்டு அது அழுகாமற் காக்கின்றது. நாம் பறிக்கும் கொழுந்திலும் அந்தத் துவர்ப்பினத்துப் பொருள்கள் நிறைந்துள்ளன. கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள் கறுத்துக் கிடப்பதற்குக் கொழுந்தின் சாறு காற்றுப்பட்டு நிறம் மாறுவதே காரணம். இதை வகுப்பிற் காட்ட ஓர் எளிய வழியுண்டு. துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் வினாகிரியில் ஊறவிடுங்கள். பட்டைத் தோல் துண்டொன்றின்மேல் கடுஞ்சாயத் தேநீரைத் தடவி, அது சுவறியபின் அந்த ஆணி நீரைத் தடவினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் கறுத்துவரும். மேற்பூச்சன்று, துவரும் இரும்பும் கூடி உள்ளேயே பிறக்கும் கருமை. தேயிலையால் தோலுக்குச் சாயமேற்றலாம் என்று கண்ட பிள்ளைகள் அன்று முழுவதும் வேறு பேச்சுப் பேசவில்லை. இதே காரணத்தால், ஈரக் கத்தியைப் பட்டைத் தோலுறையில் இட்டு வைத்தால் கத்தியும் கறுக்கும், உறையும் கறுக்கும் என்பதையும் அவர்கள் தாமே ஊகித்துக் கூறினர்.

குரோமியப் பதனிடல் தென்னாட்டுக்கு வந்த வரலாறும் சுவையானது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் 1903ஆம் ஆண்டில் அதைப் பரிசோதிக்கத் தொடங்கினார். அதன் பயன்களுள் முதன்மையானது சப்பாத்தன்று. கவலை இறைக்கும் சால். கிணற்று நீரில் நாள்தோறும் மூழ்கியெழும் தோற்சால் விரைவில் அழுகிப்போகும். குரோமியத் தோலோ நீருக்கு அஞ்சாது. கவலை இறைத்த குடியானவரும், அந்தச் சாலைத் தைத்துக் கொடுத்தவரும் வாழ்ந்த ஊர்களிலிருந்துதான் மலையகத் தமிழரின் முன்னோர் இங்கு வந்தனர். ஆனால் அந்தத் தொழிலுக்கு ஒரு கொடிய பின்விளைவும் வந்து சேர்ந்தது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தமை குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பு, சுற்றுச்சூழற் சட்டத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. ஒரு தொன் பச்சைத் தோலிலிருந்து தேறுவது ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ பதனிட்ட தோல்தான் என்பர் அத்துறை வல்லோர். ஓர் ஆற்றின் தூய்மையை விலையாகக் கொடுத்துப் பெற்ற பொருளை மூலையில் வெட்டி எறிவது எங்ஙனம் தகும்?

இனிச் செய்முறைக்கு வருவோம். கருவிகள் அதிகம் வேண்டா. கூரிய கத்தி ஒன்று, இரும்பு அடிமட்டம் ஒன்று, அடியில் வைக்க ஒரு பலகை, குத்தூசி ஒன்று, முனை மழுங்கிய தையலூசி இரண்டு, மெழுகிட்ட நூல் ஆகியன போதும். துளைகளைச் சம இடைவெளியில் இடுவதற்குத் தனிக் கருவி விற்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் வைக்கும் முட்கரண்டியால் அழுத்திக் குறித்தாலும் அதே பயன்தான். தையலில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஊசி இப்பக்கமிருந்தும் மற்றது அப்பக்கமிருந்தும் நுழைய வேண்டும். தையல் யந்திரம் போடும் தையலில் ஓரிடம் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் கழன்றுவரும். இரட்டை ஊசித் தையலில் அறுந்தது அறுந்த இடத்தோடு நிற்கும். முடிந்த பின் விளிம்பைச் சற்றே நனைத்து, வழவழப்பான மரத்துண்டால் அழுத்தித் தேய்த்தால் நார்கள் படிந்து பளபளப்பேறும். இந்த இறுதித் தேய்ப்பைச் சோம்பலால் விடுபவர் பலர். விட்டால் அது துண்டுத் தோலாகவே தோன்றும், தேய்த்தால் பொருளாகிவிடும்.

இத்தகைய துண்டுகளால் என்னென்ன செய்யலாம்? சாவிக்கோவைப் பட்டை, புத்தகத்துள் வைக்கும் பக்க அடையாளம், சில்லறைப் பை என்பன யாவரும் அறிந்தவை. அவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூக்குக் கண்ணாடியுறை சற்றே திறன் கேட்கும். பட்டைத் தோலைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி எழுவது நிற்குமளவும் விட்டு எடுத்து, கண்ணாடியின் அளவில் செதுக்கிய மரக்கட்டைமேற் போர்த்து விரலால் நீவி, நிழலில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு அடுப்படியில் வைத்தால் தோல் சுருங்கி மரப்பட்டைபோல் விறைத்துவிடும். நோர்வூட் மழைக்காலத்தில் இது உலர எத்தனை நாளாகும் என்று கேட்காதீர்கள்; பூஞ்சணம் பிடிக்காமல் அடிக்கடி உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டேயிருக்க வேண்டியதுதான். பெட்ரோமாக்ஸ் விளக்கின் காற்றடிக்கும் தண்டிலுள்ள தோல்வாசரும் இவ்வாறு நனைத்து அழுத்திக் கிண்ண வடிவாகச் செய்யப்படுவதே. அது காய்ந்து போனால் விளக்கில் காற்று ஏறாது; ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் மீண்டும் விரிந்து தண்டோடு ஒட்டும்.

எங்கள் நாட்டுக்கென்றே உரிய பொருள் கவ்வாத்துக் கத்தியின் உறை. கத்தியைச் சாக்குத் துண்டிலோ பழந்துணியிலோ சுற்றி மலையேறுபவர்களை இன்றும் காணலாம். இரண்டு தோல்துண்டுகளை வெறுமனே சேர்த்துத் தைத்தால் கத்தியின் வாய் நாளடைவில் நூலை அறுத்துவிடும். ஆதலின் விளிம்பு நெடுகிலும் இரண்டுக்கும் இடையே ஒரு தனி வாரை வைத்துத் தைப்பர். கத்தி வாய் அந்த இடைவாரிலே மோதி நிற்கும், நூலைத் தொடாது. இந்த இடைவாருக்கு வேறெதற்கும் உதவாத ஒடுங்கிய துண்டுகளே ஏற்றவை.

ஒரு மாணவி வேறொன்று நினைத்தாள். கொழுந்துக் கூடையின் கயிறு தாயின் தலையை அழுத்தும் இடத்தில் மடித்த துணிக்குப் பதிலாகக் கையகலத் தோற்பட்டை ஒன்றைக் கோத்துக் கொடுத்தாள். முதலிற் செய்தது பட்டைத் தோல். மழையில் நனைந்து பாரமேறி, வெயிலில் விறைத்துக்கொண்டது. "இதுக்குப் பழந்துணியே மேல் புள்ள" என்றாராம் தாய். இரண்டாவது முறை குரோமியத் தோலில் மெழுகேற்றிச் செய்தாள். அதை அவர் திருப்பித் தரவில்லை. ஒரு பொருளைப் பாராட்டுவதற்கு உழைக்கும் மக்கள் கையாளும் முறை அது.

துண்டுத் தோலிலிருந்து வார் எடுக்கும் வித்தையைத் தனியே கூற வேண்டும். வாருக்கு நீண்ட தோல் வேண்டும் என்று நாம் எண்ணுவோம். வட்டமான துண்டை எடுத்து விளிம்பிலிருந்து சுருள் சுருளாக உள்நோக்கி வெட்டிக்கொண்டே சென்றால், 10 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள துண்டிலிருந்து 3 மில்லிமீற்றர் அகலத்தில் ஏறத்தாழ 2.6 மீற்றர் வார் கிடைக்கும். பரப்பை அகலத்தால் வகுத்தால் நீளம். இவ்வளவே கணக்கு. மேலைநாட்டுப் பழங்கதை ஒன்றில் தீதோ என்னும் அரசி ஆபிரிக்கக் கரையில் வந்திறங்கி, ஓர் எருதின் தோல் கொள்ளுமளவு நிலம் கேட்டாளாம். கொடுப்பவரும் நகைத்துக்கொண்டே ஒப்பினர். அவள் அத்தோலை மெல்லிய வாராக வெட்டி ஒரு குன்றையே சுற்றி வளைத்தாள். அங்கே எழுந்ததே கார்த்தேஜ் நகரம். மூவடி மண் கேட்ட வாமனன் கதையை அறிந்த நம் பிள்ளைகளுக்கு இக்கதை உடனே பிடித்துவிடும். மலையகத்தில் ஒரு குடும்பத்துக்கு வீட்டு நிலமாக 7 பேர்ச் என்று பேசப்பட்டதை அறியாதவர் இலர். அது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். சதுரமாக அளந்தால் சுற்றளவு 53 மீற்றர். அப்படியாயின் உள்ளங்கை அளவான எத்தனை வட்டத் துண்டுகளின் வார் அதைச் சுற்றி வளைக்கும் என்று வகுப்பிற் கேட்டேன். 21 என்று விடை வந்தது. இருநூறு ஆண்டு உழைப்பைக் குறித்து ஒரு மாணவன் அப்போது சொன்ன சொல்லை இங்கு எழுதவில்லை. கணக்குச் சரியாக இருந்தது என்பதோடு நிற்கிறேன்.

இனி, இப்பாடத்துக்கு உண்மையான தடை எது என்பதைச் சொல்ல வேண்டும். பொருள் உண்டு, கருவி மலிவு, கணக்கும் விஞ்ஞானமும் மொழியும் ஒருங்கே வந்து சேர்கின்றன. தடை வேறிடத்தில் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில் கைப்பணிக் கண்காட்சி நடந்தது. வைத்திருந்த பொருள்களுள் ஒரு சிறு தோலுறை எல்லோர் கண்ணையும் கவர்ந்தது. தையல் ஒவ்வொன்றும் நெல்மணி கோத்தாற்போல் இருந்தது. செய்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவனுடைய பாட்டனார் தோட்டத்தில் தப்புக் கட்டுபவர். ஆசிரியர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, மனமாரப் பாராட்டும் எண்ணத்தோடுதான், "இது இவனுக்கு இரத்தத்திலேயே வந்தது" என்றார். பையன் அருகில் நின்றான். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அந்த உறை கண்காட்சி மேசையில் இல்லை. அதன்பின் அவன் அந்தப் பாடத்தில் ஊசி எடுத்ததே இல்லை என்று அறிந்தேன். திட்டிய சொல் அன்று, பாராட்டிய சொல். ஆனால் அச்சொல் அவன் உழைப்பை அவனிடமிருந்து பிடுங்கிக் குலத்துக்குக் கொடுத்துவிட்டது. அதே வகுப்பில் தோட்ட அலுவலகத்து எழுதுவினைஞர் ஒருவரின் மகள் சுருள்வார் வெட்டுவதில் எல்லோரையும் வென்றாள். அவளுக்கு அது எந்த இரத்தத்தில் வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

தோட்டத்து வாழ்வில் தோலின் ஒலி எங்கும் உண்டு. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியது தப்பு. காமன்கூத்துக்கு ஆட்டத்தை நடத்துவதும் தப்பு. இறந்தாரை வழியனுப்புவதும் அதுவே. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, பறையொலியில் அதிரும் தோட்டத்து விடியலைத் தம் ஆங்கிலப் பாடலில் வைத்தார். சக்தி பாலையா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையிட்டுத் தோலை இழுத்து ஒட்டி, நெருப்பிற் காய்ச்சிச் சுருதி ஏற்றும் அந்தக் கைக்குத் தோலின் இழுவை தெரியும். முதுகுத் தோல் எது, நெகிழும் வயிற்றுத் தோல் எது என்று தெரியும். ஒலியைப் போற்றும் நாம் அந்தக் கையைப் போற்றினோமா? இது மலையகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. கருநாடக இசையரங்கில் முன்வரிசையில் முழங்கும் மிருதங்கத்தைத் தோல் வார்த்து ஆக்குவோரின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபஸ்தியன் அன்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதும்வரை, பாலக்காடு மணி ஐயரை அறிந்த இரசிகர்களுள் அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தை அறிந்தவர் எத்தனை பேர்?

இப்படிச் சொல்லும்போது எதிரே ஒரு வினா எழும். எழுவது முறையே. "எங்கள் பாட்டன் பூட்டன் பட்டபாடு போதும். ஊசியைக் கீழே போட எங்களுக்கு மூன்று தலைமுறை ஆயிற்று. அதை மறுபடி எங்கள் பிள்ளை கையில் ஏன் கொடுக்கிறீர்கள்?" இவ்வாறு ஒரு தந்தையார் என்னிடமே கேட்டார். சாவீட்டில் தப்படிப்பதைக் குலக்கடமையாக ஏற்க மாட்டோம் என்று குச்சியைக் கீழே வைத்தவர்களும் உண்டு. அதையே கலையாக உயர்த்தி மேடையில் ஏற்றியவர்களும் உண்டு. இருவரும் கேட்பது மதிப்பு ஒன்றையே. ஆதலின் அத்தந்தையாருக்கு யான் கூறிய விடை இது: தோட்டப் பாடசாலையில் மட்டும் தோற்பணி, நகரக் கல்லூரியில் கணினி என்று பிரிப்பார்களானால், தோற்பணி வேண்டவே வேண்டா, யானே முதலில் எதிர்ப்பேன். ஒரு வகுப்பில் ஒரு சாராரின் பிள்ளைகளை மட்டும் அதற்கு அனுப்பினாலும் அவ்வாறே. எல்லாப் பிள்ளைகளும் கற்பதாயின், ஆசிரியரின் பிள்ளையும் கடைக்காரரின் பிள்ளையும் ஊசியெடுப்பதாயின், கற்பிக்கலாம்.

இது புதுமையான எண்ணமும் அன்று. 1910இல் தென்னாபிரிக்காவில் காந்தியடிகளும் அவர் நண்பர் காலன்பாக்கும் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில், சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் கூடி வாழ்ந்தன; அவர்களுட் தமிழர் பலர். காலன்பாக் மரியன்ஹில் என்னும் ஊரிலிருந்த கத்தோலிக்கத் துறவி மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார், பிறரும் கற்றனர். அதே பண்ணையில் அவர் பிள்ளைகளுக்குத் தமிழும் கற்பித்தார். போப்பையர் எழுதிய தமிழ்க் கைந்நூலைத் தாண்டாத தமிழ்தான் அது என்று தாமே எழுதியிருக்கிறார். ஒரே கையில் போப்பின் இலக்கணமும் குத்தூசியும்! பண்டிதர்களாகிய நாங்கள் சற்று நாணத்தான் வேண்டும். அவர் தம் கையால் தைத்த செருப்பு ஒரு சோடியை, தம்மைச் சிறையிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கு 1914இல் பரிசாக அளித்தார். ஸ்மட்ஸ் அதை அணிந்துவந்து, 1939இல் காந்தியடிகளின் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டித் திருப்பி அனுப்பினார். பண்ணைக்குப் பெயர் தந்த டால்ஸ்டாயும் சப்பாத்துத் தைக்கக் கற்றவரே. அவர் தைத்துக் கொடுத்ததை அணியாமல், அவருடைய நூல்களின் தொகுதிகளுக்குப் பக்கத்திலே அடுத்த தொகுதியாக அலமாரியில் வைத்தார் ஒருவர் என்று ஒரு கதை வழங்குகிறது. 1937இல் வார்தாக் கல்வித் திட்டத்தை வகுத்த சாகிர் உசேன் குழுவினர், நூற்பு, தச்சு, பயிர்த்தொழில் ஆகியவற்றோடு தோற்பணியையும் அடிப்படைக் கைத்தொழில்களுள் ஒன்றாகவே வைத்தனர்.

யார் கற்பிப்பது? பயிற்றப்பட்ட ஆசிரியர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் இருப்பவரை அழைக்கலாம். அழைக்கும்போது எப்படி அழைக்கிறோம் என்பதும் பாடத்தில் அடங்கும். தலைமையாசிரியர் கையொப்பமிட்ட கடிதம் போக வேண்டும். வந்த நாளைக்குரிய வேதனம் கொடுபட வேண்டும். பிள்ளைகள் மற்ற ஆசிரியர்களைப் போலவே எழுந்து வணக்கம் சொல்லி 'சேர்' என்று அழைக்க வேண்டும். அவரிடமிருந்து தொழிலை மட்டுமன்று, சொல்லையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் வாயில் ஒரு பெயர் இருக்கும். எங்கள் அகராதிகளுள் அவற்றுட் பல ஏறவில்லை. பிள்ளைகளின் கொப்பியில் ஏறினாலும் போதும்.

முதல் தவணைக்குப் பக்க அடையாளம் ஒன்றே போதுமானது. கோணல் வெட்டும் பிழைத் துளையும் அதில்தான் மலிவாகத் தீரும். இரண்டாந் தவணையில் சில்லறைப் பையும் சுருள்வாரும். கண்ணாடியுறை மூன்றாந் தவணைக்கு. அதற்குள் மழையும் சற்று ஓய்ந்திருக்கும். இவற்றையெல்லாம் வெட்டிய பின்னும் எஞ்சும் நகமளவுத் துண்டுகளை எறிய வேண்டா. நாற்காலிக் காலின் அடியளவுக்கு வட்டமாக வெட்டி, இரண்டு துண்டுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டி, காலடியிற் பதித்துவிடுங்கள். சீமெந்துத் தரையில் நாற்காலி இழுபடும் அந்தக் கீச்சொலி நின்றுவிடும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு 320 வட்டம் வேண்டும். ஒரு பாடவேளைக்குள் வெட்டி முடித்துவிடுகிறார்கள்.